நாற்பத்தெட்டு நிமிஷக் கல்யாணி

"அந்தப் பல் டாக்டரை இன்னைக்குக் குழுவிலேர்ந்து தூக்கிடப் போறேன்" என்றார் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், கடையின் ஷட்டரைத் தூக்கியபடியே.

"பாவம், அவர் என்ன பண்ணினார்?" என்றாள் மனைவி.

"தினமும் எட்டு மணிக்குப் பாட்டு அனுப்பறேன். முக்கால் மணி நேரப் பாட்டு. எட்டு ரெண்டுக்கு 'ஆஹா, அற்புதம்'னு எழுதறார். ரெண்டு நிமிஷத்துல அந்தப் பாடகர் தொண்டையைக் கனைச்சு முடிச்சிருப்பாரா?"

"மத்தவங்க?"

"மத்தவங்க பதினோரு மணிக்கு மேலே நிதானமா நாலு வரி எழுதுவாங்க. கேட்டவங்க எழுதற அழகே தனி."

கர்நாடக சங்கீதம் கேட்கிற அறுபத்திரண்டு பேர் இருக்கிற போன் குழு அது. கடைக்காரர்தான் ஆரம்பித்தவர், நடத்துகிறவர், நாட்டாமை எல்லாம். முழுசாகக் கேட்காமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

"நல்ல மனுஷன்ங்க. எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினப்ப வலிக்கவே இல்லை" என்றாள் மனைவி.

"பல்லு வேற, பாட்டு வேற."

"அத்தனை பேர் முன்னாடி வெளியே தள்ளினா அவர் முகத்தை எங்கே வெச்சுக்குவார்? பொண்டாட்டி போனப்புறம் அவருக்கு இந்தப் பாட்டை விட்டா வேற என்ன இருக்கு?"

கடைக்காரர் அதற்கெல்லாம் மசியவில்லை. போனை நீட்டினார்.

"ஆதாரத்தோடதான் தூக்குவேன். நாற்பத்தெட்டு நிமிஷக் கல்யாணி ராகம். முப்பத்தோராவது நிமிஷத்துல என் குரலைச் சொருகி வெச்சிருக்கேன். 'இதுவரை கேட்டவர்கள் குடை என்று எழுதவும்'னு. எழுதறவங்க ரசிகர். எழுதாதவங்க வேஷம்."

எட்டு மணிக்கு அனுப்பினார். 'இன்றைய விருந்து கல்யாணி. கேட்டு அனுபவியுங்கள்.'

எட்டு ரெண்டுக்கு டாக்டரிடமிருந்து வந்தது. 'ஆஹா, அற்புதம்.'

"மாட்டினார் பார்த்தியா" என்று கடைக்காரர் தொடையைத் தட்டினார்.

"சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் பொறுங்க. அவசரப்பட்டீங்கன்னு யாரும் சொல்லக் கூடாது."

அது நியாயமாகப் பட்டது. ஒப்புக்கொண்டார்.

பதினொன்றரைக்கு வக்கீல் எழுதினார். 'கல்யாணி கண்முன் வந்து நின்றாள். முப்பது நிமிடத்துக்குப் பிறகு பேச்சே இல்லை, அப்படியே கரைந்துவிட்டேன்.'

"குடையைக் காணோமே" என்றாள் மனைவி, ஒரு பிரேமில் திருகாணியை முடுக்கிக்கொண்டே.

"கரைஞ்சு போனவர் எப்படி எழுதுவார்? மறந்திருப்பார்."

அடுத்து பேராசிரியர். 'இப்படியொரு கல்யாணியை இனி யார் பாடப் போகிறார்கள்? கண்ணீர் நிற்கவில்லை.'

அங்கேயும் குடை இல்லை.

கண் பரிசோதனைக்கு வந்த அம்மாள் மூன்றாவது வரியைத் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தார். கடைக்காரரோ போனில் அடுத்த பாராட்டைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எல்லா எழுத்தையும் தப்பாகச் சொன்னதுகூட அவர் காதில் விழவில்லை.

மாலை ஐந்தரை ஆயிற்று. இருபத்து மூன்று பேர் புகழ்ந்திருந்தார்கள். ஒருத்தர்கூடக் குடை எழுதவில்லை.

"அப்போ இருபத்து மூணு பேரையும் தூக்கணுமே" என்றாள் மனைவி.

"அவங்கல்லாம் பெரிய ரசிகர்கள். ஏதோ வேலைத் தொந்தரவு, பாதியில விட்டிருப்பாங்க. டாக்டர் கதை வேற. அது பழக்கதோஷம்."

"இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

அவர் போனை எடுத்தார். 'விதியை மீறியதால் வருத்தத்துடன் நீக்குகிறேன்' என்று எழுதி வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஆறடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது.

போன் சிணுங்கியது. குழுவில் இல்லை, அவருக்கு மட்டும் தனியாக. டாக்டர்தான்.

"சத்தமாப் படிங்க" என்றாள் மனைவி. வேறு வழியில்லாமல் படித்தார்.

'சார், குடை. காலையில முதல்ல ஒரு ஆஹா போட்டுடுவேன். அனுப்பினவங்க, யாராவது கேட்பாங்களான்னு காத்துக்கிட்டிருப்பாங்க இல்லையா? அப்புறம் பல் பார்க்கும்போது ஓடவிட்டு முழுசாக் கேட்பேன். என் நாற்காலியில வாயைத் திறந்துக்கிட்டுப் படுத்திருக்கிறவங்க யாரும் வேண்டாம்னு சொல்றதில்லை. குடைன்னு குழுவில எழுதினா மத்தவங்களுக்குச் சங்கடமாயிடும். அதான் தனியா எழுதறேன்.'

கடைக்காரர் எழுதி வைத்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். மனைவி அவர் தோள்வழியாகப் போனை எட்டிப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"இன்னும் ஏதோ எழுதியிருக்கார், கீழே தள்ளுங்க" என்றாள் அவள்.

தள்ளினார்.

'இன்னொண்ணு, தப்பா நினைக்காதீங்க. உங்க குரலைச் சொருகறப்பவே பைல் மாறிப்போச்சு போல, நீங்க அனுப்பினது கல்யாணி இல்லை, தோடி. இதுவரைக்கும் யாரும் கவனிக்கலை சார், சத்தமில்லாம மாத்திடுங்க.'