படத்துக்குக் கீழே ஒரு வார்த்தை

பொன்னமராவதியில் உமையாள் ஆச்சியின் வீட்டு மாடிக்கு ஆங்கில ஆசிரியை இளமதி அந்த மாதம்தான் குடிவந்திருந்தாள். ஆச்சி மாடியேறி வந்து, ஃபேஸ்புக்கில் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினார்.

"டீச்சர், இதுக்குக் கீழ எல்லாரும் ஒரே வார்த்தையப் போட்டிருக்காக. என்னன்னு சொல்லுங்க."

"'க்ளோயிங்'னு போட்டிருக்காங்க ஆச்சி. க்ளோன்னா ஒளிர்றது. அடுப்புத் தணல் செக்கச்செவேல்னு கனலுதுல்ல, ஆதியில அதைத்தான் அப்படிச் சொன்னாங்க. அப்புறம் முகம் பளபளன்னு இருந்தாலும் சொல்ல ஆரம்பிச்சாங்க."

"பவுடர் போட்டதுனாலயா?"

இளமதி சிரித்தாள். "இல்ல ஆச்சி. இந்தப் பொண்ணு முழுகாம இருக்கு. மாசமா இருக்கறவங்க முகத்துல ஒரு களை வரும்ல, அதைத்தான் சொல்றாங்க. வாழ்த்துக்கூடச் சொல்லியிருக்காங்க, பாருங்க."

ஆச்சி போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"சினிமாக்காரப் பொண்ணா ஆச்சி?"

"எம் மக. சென்னையில இருக்கா. காதல் கல்யாணம். அதோட பேச்சுவார்த்த நின்னுபோச்சு."

ஆச்சி போனை மறுபடியும் இளமதியிடம் நீட்டினார்.

"எத்தன மாசம்னு எங்கயாச்சும் போட்டிருக்கா பாருங்க, டீச்சர்."