அம்மா என்ற வட்டம்

ஜன்னல் மறைப்பின் இடுக்குகளில் புகுந்த மதிய வெயில் மேசைமேல் கோடு கோடாகக் கிடக்கிறது. எந்த முடிவு எடுத்தால் என்ன நடக்கலாம் என்று கணித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அங்கிருக்கும் கணினியில் ஓடுகிறது. அதன் புதிய பதிப்பைச் சோதிப்பது அக்காவின் வேலை. சோதனைக்கு அவள் அம்மாவின் நோயையே எடுத்துக்கொண்டிருக்கிறாள். வயது, இதயம், அறுவை சிகிச்சை என்று திரையில் வட்டங்கள், அவற்றைக் கோக்கும் அம்புகள். கடைசி வட்டத்தின் பெயர் அம்மா. பஸ் ஓட்டும் தம்பி சீருடையைக்கூட மாற்றாமல் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறான். அம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னவன் அவன்தான். "இந்தத் தடவை புதுசா ஒண்ணு வந்திருக்குடா. ஆபரேஷன் பண்றது, பண்ணாதது, ரெண்டு முடிவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்" என்கிறாள். இரண்டு பச்சைப் பட்டைகள் எழுந்து ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கின்றன. "பாத்தியா? பண்ணியிருந்தாலும் பெருசா வித்தியாசம் இல்ல. இனிமேலாவது ஒழுங்கா சாப்பிடு." அவன் கண் பட்டைகளில் இல்லை, கடைசி வட்டத்தில் இருக்கிறது. அங்கே 'பிழைப்பார்' என்பதற்கு எதிரே பாதிக்கு மேல் பச்சை. "அம்மாதான் போயிட்டாங்களேக்கா. இதுல எப்படி இன்னும்..." "முடிவுகளை ஒப்பிடும்போது என்ன நடந்துச்சுன்னு இதுக்குச் சொல்லக் கூடாதுடா. இப்பச் சொல்லிடலாம். ஒரு தட்டு தட்டினாப் போதும்." மவுஸின் மேல் அவள் விரல் மடங்குகிறது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை ஒன்று அவள் கையை மெல்ல மூடுகிறது. "சொல்லாதக்கா. அதுக்காவது தெரியாம இருக்கட்டும்."