அழித்துப் பார்த்த வட்டங்கள்

நீலாவதி ஐந்தாவது வட்டத்தைப் போட்டு, அதற்குள் 'கெமாஸ்' என்று எழுதினாள்.

ஒரு வட்டம் என்றால் ஒரு கம்ப்யூட்டர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் நுழைய வழி இருந்தால் ஓர் அம்பு. சுற்றிலும் ஐந்து தோட்டங்கள். நடுவில் மலேசியாவின் சிரம்பான் நகரத் தலைமை ஆபீசில், அவள் மேசையிலேயே இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்.

அதற்குள் ஒரு வரி இருந்தது. செல்லம்மாவுக்கு ஒன்பதாம் தேதி முகமூடி கொடுக்கப்பட்டது.

செல்லம்மா கெமாஸ் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்தவள். பதினோராம் தேதி இறந்துபோனாள். முகமூடியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்கிறார் அவள் புருஷன் மாயாண்டி. அந்த வரி ஏறியதே பன்னிரண்டாம் தேதிதான் என்கிறது கம்ப்யூட்டர்.

முகமூடி கொடுக்க வேண்டியவன் அந்தத் தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி முருகையா. நீலாவதியின் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு மணிக்கு விசாரணை.

"நான் ஒருத்தன்தான் அந்த வரிய ஏத்தியிருக்க முடியுமா? வேற ஆளாலயும் முடியும்னு காட்டிடு லா. அது போதும்" என்று காலையில் கெஞ்சியிருந்தான்.

காட்ட முடியும். அதுதான் இந்தப் படத்தின் அழகு.

தைப்பூசத்துக்கு லீவில் போன கிராணிகள் எல்லாரும், பதிலுக்கு வந்தவரிடம் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கெமாஸ் பாஸ்வேர்டு கோலா கிளாவாங் தோட்டத்துக்குத் தெரியும். கோலா கிளாவாங்குடையது மற்ற மூவருக்கும் தெரியும். அம்புகள் பெருகப் பெருக அவளுக்கு உற்சாகம் ஏறியது.

அடுத்தது சோதனை. ஒரு வட்டத்தை அழித்துவிட்டு, நடுவுக்குப் போக வழி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், பழியை அந்த ஒரு வட்டத்தின் மேல் மட்டும் போட முடியாது.

கெமாஸை அழித்தாள். கோலா கிளாவாங் வழி இருந்தது. அதையும் அழித்தாள். இன்னும் மூன்று வழிகள்.

அண்ணன் பிழைத்தான்.

டெலிபோன் அடித்தது. வேறொரு தோட்டத்துக் கிராணி ராமசாமி.

"அக்கா, லைன் போடுங்க. இன்னிக்கு ஒரு நாளாச்சும் திட்டாம போடுங்க லா."

ஆபீசில் இருப்பது ஒரே லைன். பேசி முடித்ததும் வயரை டெலிபோனிலிருந்து பிடுங்கி மோடத்தில் செருக வேண்டும். செருகினால்தான் தோட்டத்துக் கம்ப்யூட்டர் உள்ளே வரும். எப்போதும்போல் செருகினாள். நோட்டில் லைன் கேட்டவர் பெயரையும் நேரத்தையும் எழுதினாள்.

வயரைச் செருகிய கை நோட்டின் மேல் அப்படியே நின்றது.

எல்லா அம்புகளும் இந்த வயர் வழியாகத்தான் வருகின்றன. மெஷின்களையெல்லாம் வரைந்தவள், அந்தக் கையை வரையவில்லை.

நடு வட்டத்தை ஒட்டி இன்னொரு வட்டம் போட்டாள். 'நீலாவதி' என்று எழுதினாள். பிறகு அதை அழித்தாள்.

ஒரு வழியும் மிச்சமில்லை.

வெளியே பெஞ்சில் மாயாண்டி, மடியில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு இரண்டு மணிக்காகக் காத்திருந்தார். செல்லம்மா மருந்தடிக்கப் போட்டுக்கொண்ட சட்டை.

நோட்டில் பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான். புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

படத்தோடு நோட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அண்ணன் போன் செய்தால் எடுத்த எடுப்பில் லைன் கேட்பவன். பன்னிரண்டாம் தேதி மட்டும், "சாப்பிட்டியா, நீலா?" என்று விசாரித்துவிட்டுத்தான் லைன் கேட்டான்.