சஹனில் ஆள் குறையுது

பல்கலைக்கழகத் தொழில்முனைவோர் போட்டியின் இறுதிச்சுற்றில் ஹாதிக் தன் ஆப்பை விளக்கினான். கலியாணத்தில் ஆறு பேர் சேர்ந்தால்தான் ஒரு சஹனில், அதாவது கூடி உண்ணும் பெரிய தட்டில், சாப்பாடு தொடங்கும். எந்தச் சஹனில் ஆள் குறைகிறதென்று அந்த ஆப் விருந்தாளிகளுக்குச் சொல்லும்.

"சோதிச்சுப் பார்த்தீங்களா?" என்றார் நடுவராக வந்திருந்த வர்த்தகர் காலிதீன் ஹாஜியார்.

"ஓம் சேர். போன ஞாயிறு, நிந்தவூர்ல ஒரு கலியாணத்துல. சின்னப் பிழையொண்டு நடந்திட்டு."

"என்ன பிழை?"

கூட்டாளி றிப்தி அவன் காலை மிதித்தான். ஆனாலும் ஹாதிக் சொன்னான்.

"அறிவித்தல் விருந்தாளிகளுக்குப் போகாம எங்கட ஹொஸ்டலுக்குப் போயிட்டு. பொடியன்மார் அத்தர் பூசிக்கிட்டு வந்து திண்டுட்டாங்க. மாப்பிள்ளை பக்கம் அவங்களப் பொண்ணு பக்கமெண்டு நெனச்சாங்க. பொண்ணு பக்கம்..."

"மாப்பிள்ளை பக்கமெண்டு நெனச்சம்," என்று முடித்தார் ஹாஜியார்.

றிப்தி வாசலைப் பார்த்தான்.

"வெள்ளத்துல எங்கட சொந்தக்காரர்ர பஸ்ஸெல்லாம் வழியில நிண்டுட்டு. ஆக்கின சோறு அப்படியே கிடக்கு. சம்பந்தி வீட்டாருக்கு முன்னால என்ட மகள் தலை குனிஞ்சு இருந்தா. பொறகு பார்த்தா சஹனெல்லாம் நெறஞ்சிட்டு. பொண்ணு மாப்பிள்ளைக்காகத் துஆவும் கேட்டுட்டுப் போனாங்க. அல்ஹம்துலில்லாஹ்." ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பிழையத் திருத்திட்டீங்களா?"

"ஓம் சேர்."

"அதத் திரும்பப் போடுங்க மகன். அடுத்த மாசம் சின்ன மகள்ட கலியாணம்."