கத்தாத வண்டி

எல்க்ஹார்ன் கணவாய் ஏற்றம் தொடங்கியதுமே ஜோலீன் தன் பிக்கப் வண்டியை மூன்றாவது கியருக்கு இறக்கினாள். இன்ஜின் உறுமியது.

"ஏன் புள்ள வண்டியை இப்படிக் கத்தவிடுற? இன்ஜின் வேகம் காட்டுற முள்ளு மூவாயிரத்தைந்நூறுல நிக்குது பாரு. டாப் கியரைப் போடு," என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் வெர்லின்.

"பின்னாடி ட்ரெய்லர் மூணு டன் இழுக்குதுண்ணே. கத்துறதால இன்ஜின் செத்துடாது. டாப்புல போட்டாத்தான் இந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தானா மேலயும் கீழயும் மாறித் தவிக்கும். உள்ள இருக்குற எண்ணெய் கொதிச்சிடும்."

"இருபது வருஷமா மாட்டு ட்ரெய்லர் இழுக்குறவன்டி நான். எனக்கே பாடமா? நான் ஓட்டினா பூனை மாதிரி சத்தமில்லாம ஏறும்."

ஜோலீன் கியர்பாக்ஸ் சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். உச்சி வரைக்கும் அது நடுவை விட்டு நகரவில்லை.

மேலே வண்டியை நிறுத்தியதும், அங்கே காபி குடித்துக்கொண்டிருந்த பண்ணைக்காரர் ஒருவர் கிட்டே வந்து மோந்து பார்த்தார்.

"இவ்வளவு சுமையோட ஏறியும் துளி கருகல் வாசனை இல்லையே. யாரு ஓட்டினது?"

"என் தங்கச்சிதான்," என்று வெர்லின் நெஞ்சை நிமிர்த்தினான். ஜோலீனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பண்ணைக்காரரின் பார்வை, ட்ரெய்லர் மேல் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த சிவப்புப் பிக்கப்புக்குப் போனது. "இது யாரோடது?"

"என்னோடதுங்க. போன வாரம் இதே ஏத்தத்துல கியர்பாக்ஸ் வெந்துபோச்சு. கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்குற மெக்கானிக்கிட்ட கொண்டுபோறோம்," என்ற வெர்லினின் நெஞ்சு இன்னும் நிமிர்ந்தேதான் இருந்தது. "ஆனா ஒண்ணுங்க, கடைசி வரைக்கும் இன்ஜின் சத்தமே போடலை."