உள்ளங்கைச் சீனி

மண்டூர்த் துறையடிக் கடையில் கோப்பி மணக்கிறது. உள்ளங்கைச் சீனியில் ஒரு நக்கு, கோப்பியில் ஒரு மிடறு, பிறகு எழுத்தறியாதவர்களுக்காகப் பத்திரிகையை உரக்க ஒரு வாசிப்பு. இதில்லாமல் தம்பாப்பிள்ளைக்குப் பொழுது விடியாது. இன்று முதற்பக்கமே தொண்டையில் கசக்கிறது: ‘வாவியில் மூன்று பயங்கரவாதிகள் பலி.’ மூவரும் றால் பிடிக்கப் போய்ச் இராணுவத்தின் துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்தவர்கள். அவர்களில் ஒருவனைப் பெற்ற கதிராமத்தம்பி எதிர் வாங்கில் உட்கார்ந்து காது கொடுத்திருக்கிறார். இருபது வருடத்தில் முதல்தடவையாகத் தம்பாப்பிள்ளை மாற்றி வாசிக்கிறார்: “வாவியில் மூன்று மீனவர்கள் சுட்டுக்கொலை.” கிழவரின் முகம் தெளிகிறது. “மெய்யா, அப்படியா போட்டிருக்கு?” “ஓம் அண்ணன்.” கையில் சீனி கரைந்து பிசுபிசுக்கிறது. “அப்ப அதக் கிழிச்சித் தா தம்பி. சின்னவன ஆமிக் காம்பில புடிச்சி வெச்சிருக்கானுகள். கொண்டுபோய்க் காட்டோணும்.”