பெரிய வெள்ளியில் சுத்தியல் சத்தம்

"பெரிய வெள்ளிக்கிழமையும் அதுவுமா எவன் சுத்தியலைத் தூக்கினது?"

வீட்டுக்குள் மண்டியிட்டிருந்த தெசாங்கா எழுந்தேவிட்டாள். இயேசுவை ஆணியால் அறைந்த நாள். அன்றைக்கு அந்த ஊரில் சுவரில் படம் மாட்டக்கூட யாரும் ஆணி அடிக்க மாட்டார்கள்.

"வேற யாரு, உன் பக்கத்து வீட்டு ஒப்ரென்தான்," என்றாள் கூட ஜெபிக்க வந்திருந்த தோழி யெலிகா. "சர்ச் வாசலை மிதிக்காத ஆளு. அவனுக்கு வெள்ளி என்ன, ஞாயிறு என்ன?"

தெசாங்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவா ஆறு கரையை முட்டிக்கொண்டு நிற்கிறது. ஊரிலேயே பள்ளத்தில் இருப்பது அவள் வீடுதான். கரை உடைந்தால் முதலில் போவதும் அதுதான். ஆண்களெல்லாம் மணல் மூட்டை அடுக்கப் போய்விட்டார்கள். அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜெபித்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஆள் என்னடாவென்றால் ஆண்டவரைச் சீண்டிப் பார்க்கிறான்.

"இரு, நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

கேட்க வேண்டியது ஏற்கெனவே நிறைய இருந்தது. வேலியோரமாக அவன் போட்ட கொட்டகையால் அவளுடைய மிளகாய்ப் பாத்திக்கு வெயிலே இல்லாமல் போனது. கோர்ட் வரைக்கும் போய்ப் பார்த்தாள். "என் உசிரு இருக்கிற வரைக்கும் ஒரு பலகை நகராது," என்று சொல்லிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது.

டக். டக். சத்தம் அந்தக் கொட்டகையிலிருந்துதான் வந்தது.

"யோவ் ஒப்ரென்! நீ நம்பலைன்னா போ. ஊரே தண்ணியில போகப் போற நேரத்துல, இன்னிக்கா ஆணி அடிக்கணும்?"

அவன் திரும்பிப் பார்த்தான். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் குறடு. குறடின் வாயில் வளைந்த ஆணி ஒன்று.

"அடிக்கலை அக்கா. பின்பக்கமா தட்டித் தட்டி ஆணியைப் பிடுங்கிட்டிருக்கேன்."

அப்போதுதான் தெசாங்கா கொட்டகையைப் பார்த்தாள். பாதிதான் இருந்தது. அவளுடைய பாத்தியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"பலகையெல்லாம் எங்க?"

"உங்க வீட்டுக்குப் பின்னாடி, ஆத்தங்கரையிலதான். காலையில கரை கசிய ஆரம்பிச்சிடுச்சு. வெறும் மூட்டை நிக்கலை, பலகை முட்டுக் கொடுக்கணும்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. சுமந்துட்டுப் போறதும் அவருதான்."

அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தையும் மீறிப் பயம் வந்தது.

"பலகை நிக்குதா?"

"நிக்குது. மரக்கம்பு நட்டு, கயித்தால இறுக்கிக் கட்டியிருக்கோம்."

"கயிறா? கயிறு எப்படிய்யா தாங்கும்? அதான் கையில சுத்தியல் இருக்கே, நல்லா நாலு ஆணி அடிச்சு விடேன்."

ஒப்ரென் அடுத்த பலகையில் கை வைத்தபடி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"கயிறு தாங்கும், பயப்படாதீங்க. ஆணி நாளைக்கு அடிச்சுக்கலாம். இன்னிக்குப் பெரிய வெள்ளிக்கிழமை இல்லையா, அக்கா?"